அரசு மருத்துவக் காப்பீடு பயன் தருகிறதா? அளந்து பார்க்கும் முறை

மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு விழா மேடையில் இரண்டு எண்கள் தவறாமல் வாசிக்கப்படும்: இதுவரை எத்தனை லட்சம் பேர் சிகிச்சை பெற்றார்கள், அதற்காக எத்தனை கோடி ரூபாய் வழங்கப்பட்டது. இரண்டும் முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை திட்டம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதைச் சொல்லாது. தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண் ஆண்டுதோறும் ஏறத்தான் செய்யும். திட்டம் சீராக நடந்தாலும் ஏறும், தள்ளாடினாலும் ஏறும்.

சிக்கல் அந்தப் பதிவேட்டின் இயல்பிலேயே இருக்கிறது. சிகிச்சைக்கு வந்து, காப்பீட்டுத் தரப்பின் அனுமதி பெற்று, படுக்கையில் சேர்ந்தவர் மட்டுமே அதில் இடம்பெறுகிறார். அட்டை எடுக்க முடியாதவர், அட்டை இருந்தும் அது எதற்கென்று தெரியாதவர், மருத்துவமனை முகப்பு வரை வந்து ‘இந்தச் சிகிச்சைக்கு இங்கே காப்பீடு கிடையாது’ என்று கேட்டுத் திரும்பிப் போனவர் ஆகிய மூவரும் அதில் இல்லை. அளக்க வருபவரின் வேலையில் பாதி இந்த மூவரைத் தேடிப் போவதுதான். ஆராய்ச்சி மாணவர்கள், மாவட்ட அளவில் பணியாற்றும் தொண்டு நிறுவனத்தினர், சுகாதாரச் செய்தி எழுதுவோர் ஆகியோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்த வழிகாட்டி, தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. முறை மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

திட்டத்தின் வரலாற்றை முதலில் எழுதி வையுங்கள்

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதற்கு முன், ஒப்பிடப்படும் பொருள் ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009 ஜூலை 23 அன்று தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம் ரூபாய் என்ற வரம்பில் நடந்தது. 2012 ஜனவரி 11 அன்று அதன் இடத்தில் வந்த இப்போதைய திட்டம், ஆண்டுக்கு 1 லட்சம் என்றும் சில குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு அதைவிடக் கூடுதல் என்றும் வரம்பை மாற்றியது. காப்பீட்டு நிறுவனமும் தனியாரிலிருந்து பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியாவுக்கு மாறியது. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தபின் வரம்பு ஆண்டுக்கு 5 லட்சமானது. தகுதிக்கான குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயாக இருந்து பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது ஒரு குடும்பத்துக்கான ஆண்டு பிரீமியம் 849 ரூபாய்.

இந்த மாற்றங்களை ஒரே தாளில், காலக்கோடாக, மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். 2017-ஐவிட 2019-இல் ஒரு கிளெய்முக்கு, அதாவது சிகிச்சைத் தொகை கேட்கும் ஒரு விண்ணப்பத்துக்கு, வழங்கிய சராசரித் தொகை கூடியிருப்பதைக் கண்டுபிடித்து மகிழ்ச்சியோடு எழுதி, வரம்பே கூடியது நினைவுக்கு வராமல் போன அறிக்கைகளை நான் வாசித்திருக்கிறேன்.

எதனால் வகுப்பது என்பதே பாதிக் கேள்வி

‘காப்பீட்டில் இருப்போர் எத்தனை சதவீதம்?’ என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, குடும்பத்தில் ஒருவராவது ஏதேனும் ஒரு மருத்துவக் காப்பீட்டிலோ நிதியுதவித் திட்டத்திலோ இருக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் 66.5 சதவீதம், இந்திய அளவில் 41 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 சுற்றில் இந்திய அளவில் 28.7 சதவீதம். ஆனால் 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்று, ஊரகத்தில் 14 சதவீதத்தினரும் நகரத்தில் 19 சதவீதத்தினரும் மட்டுமே காப்பீட்டில் இருப்பதாகச் சொல்கிறது. இரண்டும் அரசு நடத்திய பெரிய ஆய்வுகள்தாம்.

முதல் ஆய்வு வீட்டை எண்ணுகிறது, இரண்டாவது ஆளை எண்ணுகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆலையில் வேலை பார்க்கும் மகனுக்கு மட்டும் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இருந்தாலும் முதல் கணக்கில் அந்த வீடு ‘காப்பீடு உள்ள வீடு’. மேலும், பதில் சொல்பவருக்குத் தம்மிடம் காப்பீடு இருப்பது தெரிந்திருந்தால்தான் எந்த ஆய்விலும் அது பதிவாகும். ஆகவே உங்கள் வினாத்தாளில் இந்த ஒரே கேள்வியை மூன்றாக உடைக்க வேண்டும். விதிப்படி இந்த நபருக்குத் தகுதி உண்டா? அட்டையில் அல்லது கணினிப் பதிவில் இவர் பெயர் இருக்கிறதா? அதைக் காட்டினால் எங்கே, என்ன கிடைக்கும் என்று இவருக்குத் தெரியுமா? மூன்றுக்கும் தனித்தனியே சதவீதம் போட்டால், முதல் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் இடையே உள்ள பள்ளம் எத்தனை ஆழம் என்பது தெரியும்.

இரண்டாவது கேள்வியை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் கேட்பது அவசியம். இத்திட்டத்தில் குடும்பம் என்பது தகுதியுள்ளவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரைக் குறிக்கும். அவர்கள் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். அண்மையில் மணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்பட்டு, புகுந்த வீட்டு அட்டையில் இன்னும் ஏறாமல் இருக்கும் அந்தச் சில மாதங்களில் அவர் எந்த வீட்டுக் காப்பீட்டிலும் இல்லை. முதல் பிரசவச் சிக்கல் வருவதும் பெரும்பாலும் அதையடுத்த காலத்தில்தான். ‘உங்கள் வீட்டுக்குக் காப்பீட்டு அட்டை உண்டா?’ என்று பொதுவாகக் கேட்டால் மாமியார் ‘இருக்கிறது’ என்பார். பதிவும் அப்படியே ஆகும்.

வகுக்கும் எண் தவறும் இன்னொரு இடம் ஊர். ஒரு வட்டத்தில் ஆயிரம் அட்டைதாரர் குடும்பங்களுக்கு ஓராண்டில் எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள் என்பது நல்ல அளவுகோல்தான். ஆனால் கிளெய்ம் பட்டியலை மருத்துவமனை இருக்கும் மாவட்டப்படி அடுக்கினால் கோயம்புத்தூர் வானளாவ நிற்கும், நீலகிரி தரையில் கிடக்கும். நீலகிரிக்காரர்கள் கோவைக்கு வந்து படுத்திருப்பார்கள். எப்போதும் நோயாளியின் இருப்பிடத்தை வைத்தே பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்தபின் ஒரு வட்டம் தாழ்ந்திருந்தால், அங்குள்ளவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன், பட்டியலில் உள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அங்கே போகப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் பாருங்கள். இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்போருக்கு வருமான வரம்பின்றியே இத்திட்டத்தில் தகுதி உண்டு. அத்தகைய குழுக்களைத் தனி வரிசையாகக் காட்டுவது நல்லது, இல்லையெனில் மாவட்டச் சராசரியில் கரைந்துவிடுவார்கள்.

பையிலிருந்து போன பணம்

காப்பீட்டின் முதன்மையான வாக்குறுதி, சிகிச்சையால் குடும்பம் கடனாளி ஆகாது என்பதே. ஆகவே திட்டம் மருத்துவமனைக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைவிட, குடும்பம் தன் பையிலிருந்து எவ்வளவு கொடுத்தது என்பதே உங்கள் ஆய்வின் நடு எண்ணாக இருக்க வேண்டும். இந்த எண் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் உண்டு.

கேட்கும் முறையிலேதான் எல்லாம் இருக்கிறது. ஒரு கணக்கெடுப்பில், பித்தப்பை அறுவை முடிந்து மூன்று வாரமாகியிருந்த ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து, ‘மொத்தம் எவ்வளவு செலவாயிற்று?’ என்று கேட்டேன். “காப்பீட்டுலதாங்க செஞ்சோம், செலவு ஒண்ணும் இல்ல” என்றார். அப்படியே எழுதிக்கொண்டு எழுந்திருந்தால் என் படிவத்தில் சுழியம் ஏறியிருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். அனுமதி வருவதற்கு முன் எடுத்த ஸ்கேன் யார் பணம்? “அது நாங்கதான் கட்டினோம்.” அலமாரி மேலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பை இறங்கியது; அதற்குள் ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், மடித்த எக்ஸ்ரே உறை. பணமில்லாச் சிகிச்சைக்கு வாங்கவே கூடாத ஒரு முன்பணமும் அந்த ரசீதுகளில் இருந்தது. அது திரும்பி வரவில்லை; திரும்பக் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பையில் கண்டதைப் போன்ற ஒரு கணக்கை எடுத்துக்காட்டுக்காக அமைத்துப் பார்ப்போம். அனுமதிக்கு முந்தைய ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் 3,400 ரூபாய், முன்பணம் 5,000, வெளிக்கடை மருந்து 2,150 என மருத்துவச் செலவு 10,550. வாடகை வண்டி 1,200, உடனிருந்தவரின் சாப்பாடும் பேருந்தும் 1,900 என மருத்துவம் சாராச் செலவு 3,100. கணவர் ஒன்பது நாள் இழந்த கூலி, நாளுக்கு 600 வீதம், 5,400. இந்தக் குடும்பத்தின் மாத நுகர்வுச் செலவு 11,000, அதாவது ஆண்டுக்கு 1,32,000 என்று கொள்வோம்.

ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில், குடும்பத்தின் மொத்தச் செலவில் அல்லது வருமானத்தில் 10 சதவீதத்தையோ 25 சதவீதத்தையோ தாண்டும் மருத்துவச் செலவு ‘நிலைகுலைக்கும் செலவு’ என்று நீண்டகாலம் கணக்கிடப்பட்டு வந்தது. மருத்துவச் செலவை மட்டும் எடுத்தால் இந்தக் குடும்பம் 8 சதவீதத்தில் நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட குடும்பம் என்று அட்டவணையில் ஏறும். வண்டியும் சாப்பாடும் சேர்த்தால் 13,650 ரூபாய், 10.3 சதவீதம், நிலைகுலைந்த குடும்பமாகிவிடும். கூலியைச் சேர்த்தால் 14 சதவீதத்தைத் தாண்டும். பன்னாட்டு ஒப்பீடுகளில் பெரும்பாலும் முதல் கணக்கே எடுக்கப்படுவதால் அதைக் கட்டாயம் கொடுங்கள். அதன் பக்கத்திலேயே மற்ற இரண்டையும் கொடுங்கள். எந்தச் செலவெல்லாம் சேர்ந்தது என்று சொல்லாத சதவீதத்தால் யாருக்கும் பயனில்லை.

இந்த அளவுகோலில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பணமில்லாததால் சிகிச்சையே செய்துகொள்ளாதவரின் மருத்துவச் செலவு சுழியம். கணக்குப்படி அவரே மிக நன்றாகப் பாதுகாக்கப்பட்டவர். ஆகவே ‘கடந்த ஓராண்டில் மருத்துவர் சொல்லியும் செய்துகொள்ளாமல் விட்ட சிகிச்சை உண்டா, ஏன்?’ என்ற கேள்வி இல்லாத வினாத்தாளை அச்சிடவே வேண்டாம்.

தொகைகளைச் சுருக்கிச் சொல்லும்போது சராசரியை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு மூன்று புற்றுநோய்க் குடும்பங்கள் சராசரியை மேலே இழுத்துவிடும். நடுவில் நிற்கும் குடும்பத்தின் செலவு எவ்வளவு, மேல் பத்துச் சதவீதத்தினரின் செலவு எங்கே தொடங்குகிறது என்ற இரண்டையும் காட்டுங்கள். அரசு மருத்துவமனையையும் தனியாரையும் பிரித்தே காட்ட வேண்டும். 2017-18-இல் இந்திய அளவில் ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்ததற்கான சராசரி மருத்துவச் செலவு, பிரசவம் நீங்கலாக, அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். இத்தனை இடைவெளி இருக்கையில், காப்பீட்டால் நோயாளிகள் அரசு மருத்துவமனையிலிருந்து தனியாருக்கு நகர்ந்திருந்தால், திட்டம் பெரும்பகுதியைக் கட்டிய பிறகும் குடும்பத்தின் பைச்செலவு குறையாமல் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ‘காப்பீடு இல்லாவிட்டால் எங்கே போயிருப்பீர்கள்?’ என்ற ஒரு கேள்வி போதும்.

ஒன்றைப் பிரித்து வைக்க வேண்டும். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்ததாகத் தேசியச் சுகாதாரக் கணக்குகள் காட்டுகின்றன. இந்த இறக்கத்தைக் காப்பீட்டின் கணக்கில் எழுதுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. கையிலிருந்து போவதில் பெரும்பகுதி புறநோயாளிச் சிகிச்சைக்கும் மாதாந்திர மருந்துக்கும்; சர்க்கரை நோய்க்கு வாங்கும் மாத்திரையை இந்தக் காப்பீடு தொடுவதில்லை. அரசு தன் நேரடிச் செலவை உயர்த்தினாலும் இந்த விகிதம் இறங்கும். உங்கள் அறிக்கையில் இந்த எண் வரலாம், ஆனால் பின்னணியாக மட்டும்.

கிளெய்ம் பதிவேட்டை வாசித்தல்

தனிநபர் விவரங்கள் நீக்கிய பதிவுத் தரவு கிடைத்தால் பெரும் பேறு. கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு. நோயாளி பெயரையோ மருத்துவக் குறிப்பையோ கேட்டால் மறுப்பார்கள், மறுப்பதும் சரியே. ‘இந்த மாவட்டத்தவர், இந்த ஆண்டு, சிகிச்சை வகைவாரியாக, வந்த முன்அனுமதிக் கோரிக்கைகள், ஏற்றவை, நிராகரித்தவை, வழங்கிய தொகை’ என்று அட்டவணையையே வரைந்து, கட்டங்களை நிரப்பித் தருமாறு கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் பெரும்பாலும் தெளிவாக வரும்.

தரவு கைக்கு வந்ததும் முதல் வேலை கணக்குப் போடுவதன்று, அழுக்கு பார்ப்பது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தணிக்கை செய்து 2023-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை இதற்கு நல்ல பாடநூல். 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்தன. சிகிச்சையின்போது இறந்ததாகப் பதிவான நோயாளிகளின் பெயரில் அதன்பின்னும் சிகிச்சைக்குப் பணம் வழங்கப்பட்டிருந்தது. பயனாளியைச் சரிபார்க்கக் கைபேசி எண் பயன்படுவதில்லை என்று அரசுத் தரப்பு விளக்கியது. அதைப் படித்தால், எல்லாப் பிழையும் மோசடி ஆகாது, முகப்பில் உட்கார்ந்திருப்பவர் கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பியதாகவும் இருக்கலாம் என்பது விளங்கும். ஆனால் எந்தக் காரணமானாலும், அந்தக் கட்டத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஆகவே நான்கு சோதனைகளைக் கட்டாயமாக்குங்கள்: ஒரே எண்ணில் பல பதிவுகள், ஒரே நாளில் இரண்டு மருத்துவமனைகளில் ஒரே ஆள், இறப்புத் தேதிக்குப் பின் கிளெய்ம், அனுமதிக்கு முன்பே முடிந்த அறுவை.

நிராகரிப்பு விகிதத்தை எல்லோரும் கேட்பார்கள். ஆனால் மருத்துவமனைகள் எது நிராகரிக்கப்படும் என்பதைப் பழக்கத்தில் அறிந்துகொண்டு, அத்தகைய நோயாளிக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிடும்போது, அந்த விகிதம் அழகாகக் குறைந்து காட்சியளிக்கும். முன்அனுமதிக்கு ஆகும் நேரமும் அப்படித்தான். கூடுதல் ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் சுழியத்துக்குத் திரும்பும் அமைப்பில், கடைசிக் கேள்விக்குப் பதில் வந்த நேரத்திலிருந்து எண்ணினால் ‘சில மணி நேரத்தில் அனுமதி’ என்று வரும். முதல் கோரிக்கை பதிவான நொடியிலிருந்து எண்ணினால்தான் நோயாளி காத்திருந்த நேரம் தெரியும்.

பிரீமியத்தில் எத்தனை பங்கு சிகிச்சைக்குப் போயிற்று என்ற விகிதம் எளிதில் கிடைக்கும், எளிதில் ஏமாற்றும். அது மிகத் தாழ்ந்திருந்தால் மக்கள் பணம் காப்பீட்டு நிறுவனத்தில் தங்குகிறது என்று பொருள். மிக உயர்ந்திருந்தால் தேவையற்ற சிகிச்சைகளும் நுழைந்திருக்கலாம். இதைத் தனியே மேற்கோள் காட்டாமல், வட்டவாரிப் பயன்பாட்டையும் பைச்செலவையும் பக்கத்தில் வைத்தே பேசுங்கள். அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் கிளெய்ம் தொகை பெறுகின்றன என்பதால், மொத்தத் தொகையில் அரசு, தனியார் பங்கு எவ்வளவு என்பதைப் பார்ப்பதும் தேவை.

சிகிச்சையின் தரம்

இந்தப் பகுதியில் கையடக்கமாக இருப்பதே நல்லது. ஆய்வாளர் மருத்துவராக இல்லாதபோது, ஒரு தனி நோயாளிக்கு அறுவை தேவைதானா என்று தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் எண்களின் வடிவத்தைக் காட்டிக் கேள்வி எழுப்பலாம். 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்குக் கருப்பை நீக்கம் ஒரே மருத்துவமனையில் குவிந்திருக்கிறதா, வீடு திரும்பி 30 நாளுக்குள் மீண்டும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், ஒரு சிகிச்சைக்கு மொத்தமாக நிர்ணயித்த ஒரே பேக்கேஜ் கட்டணம் ஒரு மருத்துவமனையிலிருந்து மட்டும் ஏன் பத்து மடங்கு அதிக முறை கோரப்படுகிறது என்பன போன்றவை. மருத்துவமனைகளை இறப்பு விகிதப்படி வரிசைப்படுத்தும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் கைவிட்ட நோயாளிகள் வந்து சேரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அந்தப் பட்டியலில் கடைசியில்தான் நிற்கும். அதை வெளியிடுவது அநியாயம்.

மாற்றம் திட்டத்தால்தான் வந்ததா?

திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின் என்று இரண்டு எண்களை வைத்து, வித்தியாசம் முழுவதையும் திட்டத்தின் பெயரில் எழுதுவது மிகப் பரவலான பிழை. இடைப்பட்ட ஆண்டுகளில் கூலி உயர்ந்திருக்கும், சாலை வந்திருக்கும், புதிய மருத்துவக் கல்லூரி திறந்திருக்கும். ஆகவே திட்டம் வராத, மற்றபடி அதே போன்ற ஒரு கூட்டம் ஒப்பிடத் தேவை.

கர்நாடகத்தின் வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ திட்டம் இதற்கு வாய்ப்பளித்தது. 2010-இல் முதலில் மாநிலத்தின் வடபகுதியில் தொடங்கி, பிறகே தெற்கே விரிந்தது. எல்லைக்கோட்டின் இருபுறமும் அருகருகே இருந்த 572 கிராமங்களை ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வு, திட்டம் இருந்த பக்கத்தில் அது உள்ளடக்கிய நோய்களால் ஏற்பட்ட ஏழைக் குடும்பத்தவர் இறப்பு 64 சதவீதம் குறைவாகவும், மருத்துவமனைக்கான கைச்செலவு 34 சதவீதம் குறைவாகவும் இருந்ததாகக் கண்டது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2008-இல் இடம் குறைவாக இருந்ததால் குலுக்கல் முறையில் ஏழைகளுக்குக் காப்பீடு கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பணநெருக்கடியும் மனச்சோர்வும் தெளிவாகக் குறைந்தன, ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பணத்தில் பலன் முதலில் தெரியும், உடலில் தெரிய நாளாகும். ஓராண்டு ஆய்வில் உடல்நல முன்னேற்றத்தைத் தேடி ஏமாற வேண்டாம்.

தமிழ்நாட்டில் திட்டம் மாநிலம் முழுமைக்குமாக நடப்பதால் அத்தகைய எல்லைக்கோடு இல்லை. வருமான வரம்புக்குச் சற்றுக் கீழிருப்போரையும் சற்று மேலிருப்போரையும் ஒப்பிடலாமே என்று தோன்றும். ஆனால் வருமானச் சான்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி வாங்குவது. தினக்கூலி வாங்கும் வீட்டின் ஆண்டு வருமானம் வரம்புக்குள் வந்து உட்காரும்படியே சொல்லப்படும் என்பது ஊரறிந்த சங்கதி. அதைவிட நல்ல வழி, வரம்பு 5 லட்சமாக உயர்ந்த 2018-ஐப் பயன்படுத்துவது. பழைய வரம்பைத் தாண்டிச் செலவு வைக்கும் சிகிச்சைகளில் குடும்பச் செலவு எப்படி மாறியது, வரம்பே எட்டாத சிறு அறுவைகளில் எப்படி மாறியது என்று இரண்டையும் ஒப்பிட்டால், பொதுவான மாற்றங்கள் கழிந்து, வரம்பு உயர்வின் பங்கு ஓரளவு தனியே தெரியும்.

களத்துக்குப் போகும் முன்

எத்தனை குடும்பங்களைப் பார்க்க வேண்டும்? நிலைகுலைக்கும் செலவுக்கு ஆளானவர்கள் ஏறத்தாழ 20 சதவீதம் இருக்கலாம் என்று கொண்டு, நான்கு புள்ளி முன்பின்னாக, 95 சதவீத உறுதியோடு சொல்ல 384 குடும்பங்கள் போதும். ஒரே கிராமத்தில் பலரைப் பார்ப்பதால் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்; அதற்காக ஒன்றரை மடங்காக்கினால் 576. இவை கடந்த ஆண்டில் மருத்துவமனையில் சேர்ந்தவர் இருக்கும் வீடுகளாக இருக்க வேண்டும். பத்து வீட்டில் ஒரு வீடு அப்படி இருக்கும் என்றால் 5,760 வீடுகளின் கதவைத் தட்டி முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பெருக்கலை மறந்து பணமும் நாளும் ஒதுக்கியவர்கள் பாதி வழியில், காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் பயனாளிப் பட்டியலுக்கு ஓடுவார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார் என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்தோம்.

பேட்டியை மருத்துவமனையில் எடுக்காதீர்கள். கட்டிலின் பக்கத்தில் வார்டு மேலாளர் நிற்கையில் யாரும் பணம் கொடுத்ததாகச் சொல்ல மாட்டார்கள். வீட்டில், ஒப்புதல் வாங்கி, பெயருக்குப் பதில் எண் இட்டு, நோயாளியும் செலவைப் பார்த்துக்கொண்டவரும் சேர்ந்து இருக்கும் நேரத்தில் கேளுங்கள். பணம் புரட்டியது பெரும்பாலும் நோயாளி அல்லர்.

அறிக்கையில் ஒவ்வொரு சதவீதத்தின் பக்கத்திலும் மேலெண் (எத்தனை பேர்), கீழெண் (எத்தனை பேரில்), ஆண்டு மூன்றும் இருக்கட்டும். பூட்டியிருந்த வீடுகள், பேச மறுத்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் ஆகியோர் எத்தனை பேர் என்பதையும் தனி வரிசையில் காட்டுங்கள்.

இயன்றால் ஆறு மாதம் கழித்து அதே வீடுகளில் ஐந்தில் ஒரு பங்குக்காவது மறுபடி போய் வாருங்கள். முதல் முறை போகும்போது நகை அடகில் இருக்கும், அதைக் குடும்பம் செலவாகவே சொல்லியிருக்காது, ‘மீட்டுக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கையில் இருப்பார்கள். இரண்டாம் முறை வட்டி கட்டிய சீட்டோ ஏல அறிவிப்போ வந்திருக்கும். அந்தப் பித்தப்பை வீட்டில் என் படிவத்தின் இருபத்திரண்டாம் கட்டத்தில் முதலில் ‘கடன் இல்லை’ என்றுதான் இருந்தது. ஆறு மாதம் கழித்து அதை அடித்துவிட்டு, ஒன்றரைப் பவுன் என்று எழுத வேண்டியிருந்தது.